யாருடைய சோதனை?

ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பக்கத்து வராண்டாவுக்குக் கூப்பிட்டுப் போய், காதில் கிடந்த ஜிமிக்கியைக் கழற்றச் சொன்னேன். அன்று அவளுக்கு ஞானஸ்நானம். எங்கள் சபையில் நகையோடு ஞானஸ்நானத்துக்கு நிற்கக் கூடாது. வாலிபப் பெண்கள் வகுப்பை நடத்தியவள் நான். அதனால் அதைச் சொல்லும் வேலையும் என்னுடையதாக இருந்தது.

“அக்கா, இது என்ற போனஸ் காசுல நானே எடுத்ததுங்க்கா. ஊட்ல யாரும் எடுத்துத் தரலீங்க” என்றாள்.

“தெரியும் கண்ணு. ஆண்டவருக்காக உட்டுக்குடுக்கோணுமில்ல?” என்றேன்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டும் சேர்ந்து இரண்டு கிராம்கூட இருக்காது. ஞானஸ்நானம் நடந்தது. ஜிமிக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு மாதம் வந்தாள்; பிறகு வரவில்லை. ‘உலகம் இழுத்துக்கொண்டது’ என்று சபையில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த ஜிமிக்கியைப் பற்றியது. விசுவாசத்தோடு வாழ நினைக்கும் ஒரு பெண்ணுக்கு எது சோதனை, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

அவள் அன்னூரை அடுத்த ஒரு நூல் மில்லில் வேலை செய்தாள். மெஷின்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்துகொண்டே, அறுந்த இழையைத் தேடித் தேடி ஒட்டுகிற வேலை. கோவை, திருப்பூர் பக்கத்து மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை வேலைக்குச் சேர்த்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருடம்போல விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். கடைசியில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. அதாவது, அந்தப் பெண்ணின் உழைப்பே வரப்போகும் கணவன் வீட்டுக்கான சேமிப்பு. இவள் அந்தத் திட்டத்தில் சேர்ந்தவள் இல்லை. தினமும் வீட்டிலிருந்து போய் வந்தாள். ஆனால் சம்பளம் வீட்டுக்கும், தம்பி படிப்புக்கும், நாளை வரப்போகும் ‘நல்ல காரியத்துக்கும்’ போய்க்கொண்டிருந்தது. அவள் கைக்கென்று வந்தது அந்த ஒரு தீபாவளி போனஸ்தான். சீருக்காக இல்லாமல், தனக்குப் பிடித்ததற்காக அவள் வாங்கிய முதல் பொருள் அந்த ஜிமிக்கி. நான் கழற்றச் சொன்னது அதை.

அன்னூர், கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் இருக்கிறது. சத்தியமங்கலம் மல்லிகைக்குப் பேர்போன ஊர். பொழுதோடு பஸ்ஸில் ஏறினால், மில் விட்டு வரும் பெண்களின் தலையில் அந்த மல்லி இருக்கும். நாள் முழுக்கப் பஞ்சுத் தூசிக்குள் நின்றவர்கள், வீட்டுக்குப் போய்ச் சோறாக்குவதற்கு முன் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அரை மணி நேர வாசம். அதற்குப் பிறகு அடுப்பு.

நான் பிறந்து வளர்ந்த சபையில் பெண்கள் தோடு போடுவார்கள், பூ வைப்பார்கள், கல்யாணத்தில் தாலியும் கட்டுவார்கள். கல்யாணமாகி வந்த சபையில் இவை மூன்றும் கிடையாது. இரண்டு ஆலயங்களுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். வேதாகமம் ஒன்றுதான். ஒரு சபையில் சாதாரணமாக இருந்தது, இன்னொரு சபையில் எப்படிச் சோதனையானது என்று வந்த புதிதில் யோசித்தேன். பிறகு பழகிவிட்டது. பழகிய பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தேன்.

நகை வேண்டாம் என்பதற்கு இரண்டு இடங்களைக் காட்டுவார்கள்: தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், பேதுருவின் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம். அந்தப் பகுதிகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பொன்னோடு சேர்த்து மயிரைப் பின்னுவதும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பின்னலைப் பிரித்துவிட்டு வா என்று எந்தச் சபையும் எந்தப் பெண்ணையும் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தீமோத்தேயு நிருபத்தில் பெண்களின் அலங்காரத்தைப் பற்றிய வசனத்துக்கு முந்தைய வசனம் ஆண்களுக்கானது. கோபமும் வாக்குவாதமும் இல்லாமல் ஜெபிக்க வேண்டும் என்கிறது அது. முந்தின நாள் ராத்திரி பெண்டாட்டியிடம் கை ஓங்கிய ஒருவரை, ஆராதனைக்கு முன் யாராவது வராண்டாவுக்குக் கூப்பிட்டு ‘உன் கோபத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ’ என்று சொன்னதுண்டா? பின்னலை விட்டுவிட்டோம், கோபத்தை விட்டுவிட்டோம், தோட்டை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

வருடக்கணக்கில் பெண்கள் கூட்டங்களில் உட்கார்ந்தும் பேசியும் நான் கவனித்த ஒன்று உண்டு. ஆண்கள் கூட்டத்தில் சோதனை என்றால் குடி, கோபம், லஞ்சம், வேறு பெண். பெண்கள் கூட்டத்தில் சோதனை என்றால் சீரியல், செல்போன், பூ, பட்டுச்சேலை, அரட்டை. ஆண்களுக்குச் சொல்லப்படுபவை பெரும்பாலும் அடுத்தவரைக் காயப்படுத்துபவை. பெண்களுக்குச் சொல்லப்படுபவை பெரும்பாலும் பெண்களுக்குச் சந்தோஷம் தருபவை. எதிரே நிற்கும் ஆணின் கண் தடுமாறக் கூடும் என்பதற்காக, பெண்ணின் காதில் கிடப்பது அவளுடைய பாவமாகிறது. சோதனை அவனுக்கு, கழற்றுவது அவள்.

வரலாற்றில் இது எப்போதும் இப்படியே இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காகப் போராடினார்கள். முன்னணியில் நின்றவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியவர்கள். அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள், ஆலயங்களைக் கொளுத்தினார்கள். 1859இல் அரசு இறங்கி வந்து மேலாடை அணியலாம் என்று அறிவித்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெண்களுக்கு விசுவாசம் என்பது ஒன்றைக் கழற்றுவதாக இல்லை, ஒன்றை உடுத்திக்கொள்வதாக இருந்தது. உடம்பு தங்களுடையது என்று ஊர் முன்னால் சொல்வதாக இருந்தது.

அதே தென்கோடித் தமிழகத்தில், சில பத்தாண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு காட்சி. திருநெல்வேலிப் பகுதியில் எமி கார்மைக்கேலோடு ஊர் ஊராகப் போன பெண்கள் குழு ஒன்று இருந்தது. அதில் பொன்னம்மாள் என்பவர் தன் நகைகளைத் தானாகவே கழற்றினார், மற்றவர்களும் கழற்றினார்கள். உறவுகளுக்கு அது பெரிய அவமானம். பெண்ணின் கழுத்து குடும்பத்தின் அந்தஸ்தைக் காட்டும் பலகையாக இருந்த காலம் அது. பொன்னம்மாள் பிறகு டோனாவூரில் குழந்தைகளை வளர்க்கும் பெரும் பொறுப்பைச் சுமந்து, 1915இல் இறந்தார். அவர் கழற்றியதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தஸ்துப் பலகையாக இருக்க மாட்டேன் என்று ஒரு பெண் சொல்வதும், திருட்டுப் பயமில்லாமல் சாலையில் நடப்பதும் விடுதலைதான். தோள்சீலை அணிந்த பெண்களும் நகையைக் கழற்றிய பொன்னம்மாளும் எதிரெதிர்க் காரியங்களைச் செய்தார்கள். இரண்டிலும் முடிவு அந்தப் பெண்களுடையது. என் கண்ணில் இரண்டையும் ஒன்றாக்குவது அதுதான்.

என் அம்முச்சிக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. அவர் பண்ணாடி வீட்டுக் களத்தில் வேலை செய்தவர். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆட்கள் ஊர்த் தெருவில் செருப்போடு நடக்க முடியாது. காதில் பொன் மின்னினால் ‘யார் ஊட்டுக் காசு?’ என்று கேள்வி வரும். கிறிஸ்தவரான பிறகு, வெள்ளாடு வளர்த்து, குட்டிகளை விற்று ஒரு ஜோடித் தோடு எடுத்தார். வயதான காலத்தில் என்னோடு வந்து இருந்தபோது, சபையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னார்கள். அம்முச்சி பாக்கு இடிப்பதை நிறுத்தாமல் பதில் சொன்னார்:

“அன்னைக்கு அவிங்க போடக் கூடாதுன்னாங்க. இன்னைக்கு நீங்க போடக் கூடாதுங்கறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க கேக்குது.”

எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. அம்முச்சியை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த வாக்கியத்தின் பொருள் புரியப் பல வருடமானது. கழற்றி வைப்பது தியாகம் என்றால், முதலில் அது நம் கையில் இருந்திருக்க வேண்டும். ஒருபோதும் கொடுக்கப்படாததை எப்படித் துறப்பது? பெட்டி நிறைய இருப்பவர் ஒன்றை விடுவதும், ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் அதை விடுவதும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன. இரண்டும் ஒன்றல்ல.

பண்டித ரமாபாய்க்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. 1858இல் பிறந்தவர், சமஸ்கிருதத்தில் பெரும் புலமை பெற்றவர், கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குப் போய், 1883இல் வான்டேஜ் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட அவர், முட்டையும் மாமிசமும் சேர்க்காத தன் சாப்பாட்டை விடவில்லை. அது பழைய பெருமையின் மிச்சம், கீழ்ப்படிதல் போதாது என்று அங்கிருந்த கன்னியாஸ்திரீகள் வருத்தப்பட்டார்கள். தனக்கு ஞானத்தாயாக இருந்த சிஸ்டர் ஜெரால்டினுக்கு ரமாபாய் எழுதிய பதில்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. பெரும்பாடுபட்டு ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்திலிருந்து விடுபட்டு வந்திருக்கிறேன், அதேபோன்ற இன்னொரு நுகத்துக்குள் கழுத்தைக் கொடுக்க மனமில்லை என்பது அவற்றின் சாரம். சைவ உணவு ரமாபாயின் சாதியோடு ஒட்டி வந்த பழக்கம். அதை நான் போற்ற வரவில்லை. ஆனால் தன் தட்டில் இருப்பது, தன் மனச்சாட்சிக்கும் தன் கடவுளுக்கும் இடையிலான விஷயம் என்று அவர் நின்ற இடம் முக்கியம். அம்முச்சி பாக்கு இடித்துக்கொண்டே நின்றதும் அதே இடத்தில்தான். ஒருவர் வேதம் கற்ற பிராமணப் பெண், மற்றவர் கைநாட்டு.

அப்படியானால் பெண்களுக்குச் சோதனையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது எங்கள் பிரசங்கங்களில் வருவதில்லை.

1960இல் வேலரி செய்விங் என்ற அமெரிக்கப் பெண் இறையியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாவம் என்றால் அகந்தை, தன்னைப் பெரிதாக்கிக்கொள்வது என்று இறையியல் சொல்லிவந்திருக்கிறது. அது ஆண்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதியது என்றார் அவர். பெண்களுக்கு நேரும் ஆபத்து வேறு: தன்னைத் தேய்த்துக்கொண்டே போவது, சில்லறை வேலைகளில் சிதறிப்போவது, ‘நான் யார்’ என்பதை அடுத்தவர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்வது. இப்படி ஏற்கெனவே காணாமல் போய்க்கொண்டிருப்பவளிடம் ‘இன்னும் உன்னை வெறுமையாக்கு’ என்று உபதேசிப்பது நோயை மருந்தாகக் கொடுப்பதுபோல.

இதைப் படித்தபோது என் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். பால் மீந்தால் மட்டும் தனக்குத் டீ போட்டுக்கொள்வார். முட்டி வலியை ஜெபத்தில் வைத்தாரே தவிர டாக்டரிடம் வைக்கவில்லை. அவருடைய அடக்க ஆராதனையில் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள்: தனக்கென்று ஒன்றும் கேட்காதவர். கேட்டிருக்கலாமே அம்மா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சிலுவை சுமப்பது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு சிலுவை, எவ்வளவு நாங்கள் சுமக்க மறுத்த வீட்டு வேலை?

சுவிசேஷங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். வனாந்தரத்தில் இயேசுவுக்கு வந்த சோதனைகள் மூன்று. கல்லை அப்பமாக்குவது, ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக்காட்டுவது, உலக ராஜ்யங்களை ஆளுவது. மூன்றும் அதிகாரத்தைப் பற்றியவை. அப்பம் பாவமில்லை, பிறகு ஐயாயிரம் பேருக்கு அவரே அப்பம் கொடுத்தார். யோவான் சொல்லும் முதல் அற்புதம் ஒரு கல்யாண வீட்டில், தாய் வந்து சொன்னதன் பேரில் நடந்தது. ஆறு கற்சாடி நிறைய திராட்சரசம்; இன்றைய கணக்கில் நானூறு லிட்டருக்குக் குறையாது. யாருடைய பசியையும் தீர்க்க அல்ல, கொண்டாட்டம் நின்றுவிடாமல் இருக்க. அவரைப் போஜனப்பிரியன் என்று ஏசினார்கள். அதற்காக அவர் பந்திகளை விட்டுவிடவில்லை. ஒரு பெண் முந்நூறு நாள் கூலிக்குச் சமமான வாசனைத் தைலத்தை அவர் தலையில் ஊற்றியபோது, ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சுற்றியிருந்தவர்கள் கடிந்துகொண்டார்கள். அவளை விட்டுவிடுங்கள் என்றவர் அவர்தான்.

இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி நம் காணிக்கைப் பிரசங்கங்கள் எத்தனை! மாற்கு அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் எழுதியிருப்பதைப் பிரசங்கத்தில் நான் கேட்டதே இல்லை. விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்கிறவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் ஒரு விதவை தன்னிடமிருந்த கடைசிக் காசையும் போடுகிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அவளைப்போல் நாமும் கொடுக்க வேண்டும் என்பதோடு பாடம் முடியாது. அவளிடம் கடைசிக் காசு மட்டும் மிஞ்சும்படி செய்தவர்கள் யார் என்று கேட்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். சந்தோஷம், சந்தோஷம் என்று சொல்லி நகைக் கடை விளம்பரத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா? நியாயமான கேள்வி. கொங்கு நாட்டில் எத்தனை பவுன் என்பது பெண்ணின் பெயருக்கு முன்னால் கேட்கப்படுகிறது. பவுன் சேர்க்கக் கடன்பட்டு நொடித்த வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நகை போடாத சபையில் ஏழைப் பெண் கூசாமல் உட்கார முடியும் என்பதும் உண்மை. அந்தச் சமத்துவம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அந்தச் சமத்துவம் ஆலயத்துக்குள் மட்டும் இருப்பதையும் பார்க்கிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. நகை போடாத குடும்பங்களில் அது காராக, காலி மனையாக, பேங்க் டெபாசிட்டாகக் கைமாறுகிறது. காது மூளியாக இருக்கிறது. கை நீண்டுதான் இருக்கிறது.

அதனால் இப்போது வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கிறேன். இந்தச் சந்தோஷம் யாருடைய முதுகில் ஏறி எனக்கு வருகிறது? இது என் கையைத் திறக்கிறதா, மூடுகிறதா? இதை விடச் சொல்பவர் தான் எதை விட்டிருக்கிறார்? விட்டால் பலன் யாருக்கு? இந்தக் கேள்விகளை அறுபது பவுன் சீரிடம் கேட்டால் அது தலைகுனியும். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு முழம் மல்லியிடம் கேட்டால் அது நிமிர்ந்து பதில் சொல்லும். உபவாசம் இருக்கிறேன், இன்னமும் விட வேண்டியவை என்னிடம் உண்டு. ஆனால் துறவை ஒரு பெண் தேர்ந்துகொள்ளலாமே தவிர, அவள் மேல் யாரும் சுமத்த முடியாது. நன்றியோடு ஒன்றைப் பெற்றுக்கொள்வதும் விசுவாசத்தில் ஒரு பாதி. அந்தப் பாதியை எங்களுக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அன்று வராண்டாவில் அவள் ஜிமிக்கியை என் கையில் வைத்தபோது எனக்கு ஒரு திருப்தி ஏற்பட்டது. சொன்னதும் கேட்டாள் என்ற திருப்தி. உள்ளே போய்த் தலையை ஆட்டி ‘ஆயிற்று’ என்று தெரிவித்தபோது மூப்பர் ஒருவர் முகத்தில் தெரிந்த மெச்சுதல் எனக்கு இனித்தது. பல வருடம் என்னையே தேய்த்துக்கொண்டு சம்பாதித்த நல்ல பேர் அது. தன்னை அழித்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரே பதவி, அடுத்த பெண்ணுக்குக் காவலாக நிற்பதுதான். அன்று காலை அங்கே ஒரு சோதனை இருந்தது உண்மை. அது அவள் காதில் இல்லை. அதில் விழுந்தவளும் அவளில்லை.

போன வருடம் அன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அதே ஜிமிக்கி. அவளாக வந்து பேசினாள். கல்யாணம் இன்னும் ஆகவில்லை. இப்போது வேறு மில். நைட் ஷிப்டில் தூக்கம் வராமலிருக்கப் பாட்டை மெதுவாக முணுமுணுப்பேன் என்றாள். எந்தப் பாட்டு என்று கேட்டேன். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது.

“அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது கண்ணு. என்னை மன்னிச்சுக்க” என்றேன்.

“உடுங்க்கா. நீங்களும் என்ன பண்ணுவீங்க” என்றாள். அது மன்னிப்பா, தீர்ப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் வாங்கினாள். நடுவில் கிள்ளி, பாதியை என்னிடம் நீட்டினாள். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அப்படியே வீட்டுக்குப் போனேன். அடுத்த மாதக் கமிட்டியில், இனி எந்தப் பெண்ணையும் கழற்றச் சொல்லி வராண்டாவுக்குக் கூப்பிட மாட்டேன் என்று சொன்னேன். ஜெபித்து முடிவெடுப்போம் என்றார்கள். வாலிபப் பெண்கள் வகுப்பு இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. நான் ஞாயிறுதோறும் போகிறேன், பின்வரிசையில் உட்காருகிறேன். போன வாரம் அந்த வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க” என்றாள்.

“கேளு கண்ணு” என்றேன்.